ரிவர்ஸ் பாக்கல சார்

நான் ஓட்டிப் பழகிய வண்டியில் இரண்டு பிரேக் இருந்தன. ஒன்று என் காலடியில், இன்னொன்று பாஜியின் காலடியில். அந்த வண்டியைப் பெரும்பாலும் நிறுத்தியது பாஜியின் பிரேக்தான். நான் பிரேக் என்று நினைத்துக்கொண்டு எதை மிதித்தேன் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

பெங்களூர் பிரேசர் டவுனில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த அவர் எல்லோருக்கும் பாஜி. உருதுவில் அக்கா என்று அர்த்தம். காய்கறிக்காரருக்கு, சர்ச் வாட்ச்மேனுக்கு, டிராஃபிக் போலீஸுக்கு, அவரைவிட வயதில் மூத்த எனக்கு, எல்லோருக்கும் அக்கா. பெயரைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வாணியம்பாடியிலிருந்து வந்த குடும்பம். வீட்டில் உருது பேசுவார், என்னிடம் தமிழ், போலீஸிடம் கன்னடம். வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டால் அதனிடம் மூன்றும்.

அது ஒரு பழைய ஃபியட். ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே கை கியர். கதவில் 'லேடீஸ் ஒன்லி' என்று சிவப்பில் எழுதியிருக்கும். ஆனால் நான் சேர்ந்த முதல் நாளே பின் சீட்டில் மீசை வைத்த ஒருவர் வெங்காய மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கதவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"கத்துக்கறதுதான் மேடம் லேடீஸ் ஒன்லி. லிஃப்ட்டு எல்லாருக்கும் உண்டு," என்றார் பாஜி. "நம்ம எப்படியும் அந்தப் பக்கம்தானே போறோம்?"

எந்தப் பக்கம் போவதென்று எங்களுக்கே அதுவரை தெரியாது. வெங்காயக்காரர் காக்ஸ் டவுன் மார்க்கெட் என்றார். அன்று நான் காக்ஸ் டவுன் மார்க்கெட்வரை ஓட்டிப் பழகினேன். வழியெல்லாம் அவர் ஆண்டவனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். இறங்கும்போது, "அடுத்த வாட்டி நடந்தே போயிக்கிறேன் பாஜி," என்று கும்பிட்டார்.

பாஜியின் வீட்டுக்காரர் அமைதியான மனிதர். காலையில் அந்த ஃபியட்டைக் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோலக் கழுவித் துடைப்பார். ஆனால் அதில் ஏற மாட்டார். வேலைக்குப் பஸ்ஸில்தான் போவார். "உங்க ஓட்டத்துக்குப் பயப்படறாரா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பயமெல்லாம் இல்ல மேடம். அவருக்கு இதுல உக்கார எடமே கிடைக்கறதில்ல."

கண்டவர்களுக்கெல்லாம் நல்லது செய்துவிட வேண்டும் என்கிற ஒரு பரபரப்பு பாஜிக்கு இருந்தது. சிலருக்கு சினிமா டிக்கெட் வாங்குவதில் இருக்குமே, அந்த மாதிரியான பரபரப்பு. யாராவது மூட்டை தூக்கச் சிரமப்படுவதைக் கண்டால் அவர் முகத்தில் இரக்கம் வருவதற்கு முன்னால் ஆர்வம் வந்துவிடும். வேறு யாரும் உதவிக்குப் போய்விடுவார்களோ என்று அக்கம்பக்கம் பார்ப்பார். ஒருமுறை கண் தெரியாத பெரியவர் ஒருவரை ரோடு தாண்டவைக்க பாஜி ஓடியபோது, எதிரிலிருந்து ஒரு காலேஜ் பெண் முந்திக்கொண்டாள். பாஜி திரும்பி வந்து தொப்பென்று உட்கார்ந்தார்.

"போச்சு," என்றார்.

"அவர்தான் பத்திரமா தாண்டிட்டாரே பாஜி?"

"தாண்டிட்டாரு. நன்மை அந்தப் பொண்ணுக்குப் போயிடுச்சி. நல்ல காரியத்துல முந்திக்கணும்னு எங்க மார்க்கத்துல இருக்கு மேடம். நான் செகண்ட் வந்துட்டேன்."

இதே பாஜிதான், நான் கோல்ஸ் ரோட்டில் ஒரு சைக்கிளை முந்தப் பார்த்தபோது தன் பிரேக்கை மிதித்தார். "ரோட்டுல ஓவர்டேக் வேணாம். நல்லது செய்யறதுல மட்டும் ஓவர்டேக் பண்ணுங்க."

எங்கள் பாடம் கற்களால் ஆனது. ரோட்டில் ஒரு கல், ஓர் ஆணி, ஒரு தேங்காய் ஓடு கிடந்தால் போதும், "நிறுத்துங்க!" என்பார். ஓரமாக நிறுத்தி, இறங்கி, அதை எடுத்துப் போட்டுவிட்டு, மறுபடி ஏறிக் கிளப்ப வேண்டும். வழியில் கிடக்கும் இடைஞ்சலை அகற்றுவதும் தர்மம்தான், அதற்கும் கூலி உண்டு என்பது அவருடைய நம்பிக்கை. "உங்களுக்கு பார்க்கிங் பழக்கமாகுது, எனக்கு சதகா ஆகுது. ஒரே கல்லு மேடம்!" என்று சிரிப்பார். சதகா என்றால் தர்மம். மேட்டில் கல் கிடந்தால் அவருக்குக் கொண்டாட்டம். மேட்டில் நிறுத்திக் கிளப்புவதுதானே கஷ்டமான பாடம்.

அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. எங்கள் அப்பா கே.ஜி.எஃப். தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்து நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவர். அவரை பெங்களூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவருவதற்குத்தான் நான் கார் ஓட்டவே கற்றுக்கொண்டேன். ரயிலில் கூட்டத்தில் நின்றுகொண்டு அவர் இருமுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. பிற்பாடு வருஷக்கணக்கில் அவரை நானே முன் சீட்டில் உட்காரவைத்து அழைத்து வந்தேன். ஒவ்வொரு பயணத்திலும் அவர் அலுத்துக்கொள்வார். "வேலையிலதான் காலம் பூரா கல்லைப் பாத்தேன். நீ ரோட்டுல கல்லைக் கண்டாலும் எறங்குறியே, யாரும்மா உனக்கு ஓட்டக் கத்துக் குடுத்தது?"

ஆனால் அந்த முன் சீட்டுக்கு அப்பா வந்துசேர்வதற்குள் நான் பட்ட பாடு இருக்கிறதே.

வீட்டில் கார் இருந்தது. என் வீட்டுக்காரர் சேவியருடைய மாருதி. அவர் ஃபேக்டரி பஸ்ஸில் போய்வருவார். கார் வாரம் முழுக்க உறை போர்த்திக்கொண்டு நிற்கும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும், திரும்பி வந்து உறைக்குள் போய்விடும். நான் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்றபோது சேவியர் மறுப்பார் என்றுதான் நினைத்தேன். அவரோ உடனே தலையாட்டி, "பிரேசர் டவுன்ல பாஜின்னு ஒருத்தங்க இருக்காங்களாம், அங்கயே சேந்துக்கோ," என்று தானே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். எவ்வளவு நல்ல கணவர் என்று நெகிழ்ந்துபோனேன்.

ரம்ஜான் மாதம் வந்தது. நோன்பு வைத்துக்கொண்டும் பாஜி வகுப்பை விடவில்லை. பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் எங்களோடு வெயிலில் கத்துவார். பேசாமல் ஒரு மாதம் லீவு விடலாமே என்றால், "நோன்புல செய்யற வேலைக்கு நன்மை ஜாஸ்தி மேடம். இப்பப் போயி லீவு விடுவாங்களா யாராச்சும்?" என்பார், தள்ளுபடி விற்பனையை விட்டுவிடச் சொன்னதுபோல.

ஒருநாள் சாயங்காலம் நோன்பு திறக்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. மசூதி ரோட்டில் சமோசாக் கடைகளும் கபாப் புகையும் கூட்டமுமாக ஒரே திருவிழா. நான் அந்தக் கூட்டத்துக்குள் ஃபியட்டை நத்தை மாதிரி ஊர்ந்து நகர்த்திக்கொண்டிருந்தேன். திடீரென்று வண்டி குலுங்கி நின்றது. பாஜியின் பிரேக்.

ஓரத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். பக்கத்தில் அவளுடைய அம்மா, கையில் ஒரு பையோடு, போகும் ஆட்டோவையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நோன்பு திறக்க வீட்டுக்கு ஓடும் நேரம், ஒன்றும் நிற்கவில்லை. லிங்கராஜபுரத்துக்காரர்கள், வீட்டு வேலை முடித்துத் திரும்புகிற வழியில் வலி எடுத்துவிட்டது என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. பாஜி கேள்வி எதுவும் கேட்கவில்லை. இறங்கி ஓடினார், அந்தப் பெண்ணைத் தாங்கிப் பின் சீட்டில் படுக்கவைத்தார், தானும் பின்னால் ஏறி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டார். அம்மாக்காரி முன்னால் என் பக்கத்தில் ஏறினாள்.

"பாஜி, யாரு ஓட்டறது?" என்றேன்.

"நீங்கதான். நான் இந்தப் பொண்ணைப் பிடிக்கணும்ல? பிஸ்மில்லா சொல்லிக் கிளப்புங்க. உங்களுக்கு ஏசப்பா பேர் சொல்லணும்னா சொல்லுங்க. சீக்கிரம் சொல்லுங்க!"

கிளப்பினேன். வண்டி நாலடி போய் நின்றது. மறுபடி கிளப்பினேன். மறுபடி நின்றது. நான் ஒன்றுமே செய்யவில்லை, வண்டி தானாக நிற்கிறது. பாஜி பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அம்மா! காலை எடுங்க! அது பிரேக்கு!"

பயத்தில் அந்த அம்மாள் இரண்டு காலாலும் பாஜியின் பிரேக்கை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எனுக்கு இன்னா தெரியும் தாயே!" என்று அலறி, காலைத் தூக்கி சீட்டின் மேல் சம்மணம் போட்டுக்கொண்டாள். ஆஸ்பத்திரி வரும்வரை அந்தக் கால் கீழே இறங்கவில்லை.

அதன்பிறகு பாஜி ஒரே வாயால் இரண்டு பேருக்கு உத்தரவு போட ஆரம்பித்தார்.

"மூச்சை இழுத்து வுடு. மெதுவா, மெதுவா. அய்யோ நீங்க ஏன் மேடம் மெதுவா போறீங்க? நீங்க வேகமா போங்க! கிளட்ச்சை அழுத்துங்க!"

"அழுத்தறேன்க்கா!" என்று அந்தப் பெண் வீறிட்டாள்.

"நீ அழுத்தாதம்மா! இப்ப அழுத்தவே கூடாது! மேடம்தான் அழுத்தணும்!"

"ரைட்டா லெஃப்ட்டா பாஜி?"

"லெஃப்ட்டு! நீ அப்படியே படு, திரும்பாத! மேடம், ஹாரன்! ஹாரன்!"

ஹாரன் அடிக்கவே தேவைப்படவில்லை. நாங்கள் நான்கு பேரும் போட்ட சத்தத்துக்குக் கூட்டம் தானாக விலகியது. கபாப் கடைக்காரர் ஒருவர் கையில் இருந்த விசிறியோடு முன்னால் ஓடி வழி விலக்கினார். அந்தப் பெண் வலிக்கு நடுவே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். அவள் சிரித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு, ரோடு ஈரமாகத் தெரிய, நான் என் வாழ்க்கையில் முதன்முதலாக இரண்டாவது பிரேக்கின் துணையில்லாமல் ஒரு வண்டியை ஓட்டினேன்.

பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியபோது பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். நர்ஸ்கள் ஸ்ட்ரெச்சரோடு வந்து அவளை உள்ளே கொண்டுபோனார்கள். பாஜி பையிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில் போட்டு, ஆஸ்பத்திரிக் குழாயில் தண்ணீர் குடித்தார். இன்னொரு பழத்தை எனக்குக் கொடுத்தார். பாராட்டப் போகிறார் என்று முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

"கடைசி வரைக்கும் செகண்ட் கியர்லயே வந்தீங்க மேடம். இன்ஜின் எப்படிக் கத்துச்சி தெரியுமா?"

அதற்குள் அம்மாக்காரி ஓடிவந்து பெண் குழந்தை என்றாள். பாஜி என்னைக் கட்டிக்கொண்டு குதித்த குதியில் அவருடைய மூக்குக்கண்ணாடி கீழே விழுந்துவிட்டது. "மாஷா அல்லாஹ்! இது பூரா உங்க கணக்குலதான் மேடம் எழுதுவான். நான் சும்மா பின்னாடிதான் உக்காந்திருந்தேன்," என்றார். முதன்முறையாக ஒரு நன்மையை அவர் விட்டுக்கொடுத்ததைப் பார்த்தேன்.

இவ்வளவு நடந்த பிறகு லைசென்ஸ் டெஸ்ட் எனக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. ரம்ஜான் பெருநாள் முடிந்த கையோடு டெஸ்ட்டுக்குப் போனோம். திறந்த மைதானம், கொளுத்தும் வெயில். இன்ஸ்பெக்டர் முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பாஜி பின்னால். நேராகப் போனேன், திரும்பினேன், நிறுத்தினேன். இன்ஸ்பெக்டர் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆய்த்து, பாஸ்," என்று கன்னடத்தில் முடித்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

"ரிவர்ஸ் பாக்கல சார்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"பரவாயில்லம்மா, முன்னாடி நல்லாத்தானே ஓட்டறாங்க?"

"முன்னாடி நல்லா ஓட்டுவாங்க. ரிவர்ஸ் வராது சார் இவங்களுக்கு. பாஸ் போடாதீங்க."

இன்ஸ்பெக்டர் திறந்த கதவை மூடினார். தன் மாணவியை ஃபெயில் போடச் சொல்லிக் கேட்கும் டிரைவிங் ஸ்கூலை அவர் அதற்கு முன்னால் பார்த்திருக்க மாட்டார். ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். நட்டுவைத்திருந்த கம்பங்களில் எதுவும் அதன்பிறகு நின்றபடி இல்லை.

நான் பாஜியை அங்கேயே விட்டுவிட்டு இறங்கிப் பஸ் ஏறி வீட்டுக்கு வந்து கட்டிலில் குப்புறப் படுத்தேன். அப்பாவின் இருமல் காதில் கேட்டது. சாயங்காலம் சேவியர் வந்தார். விஷயத்தைக் கேட்டு, "அப்படியா, அடடா," என்று சொல்லிவிட்டு வெளியே போனார். திரும்பி வரும்போது கையில் மட்டன் பிரியாணி. எங்கள் கல்யாண நாளுக்குக்கூட அவர் பிரியாணி வாங்கி வந்ததில்லை.

"எதுக்கு இது?" என்றேன்.

"சும்மாதான். உன்னைத் தேத்தலாம்னு."

தேற்றுகிறவர் முகம் அப்படி மலர்ந்திருக்காது. நான் பிரியாணியைத் தொடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவருக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"இல்ல ஜெயா, ஃபேக்டரியில சொன்னாங்க. அந்த பாஜிகிட்ட சேத்துவுட்டா எந்தப் பொம்பளையும் லேசுல பாஸாக மாட்டாங்களாம். கார் தப்பிக்கும்னு..."

பாஜியின் மேல் இருந்த என் கோபம் முழுசும் அந்த இடத்திலேயே இடம் மாறியது. பிரியாணியை நான் ஒருத்தியே சாப்பிட்டேன்.

மறுநாள் விடியற்காலை தொழுகை முடித்த கையோடு ஃபியட் எங்கள் வாசலில் வந்து நின்றது. பாஜி கேட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே வராமல் நின்றார். கண்கள் வீங்கியிருந்தன.

"நேத்து ஃபெயிலானது நீங்க இல்ல மேடம், நான்தான். ஓட்டக் கத்துத் தர்றேன்னு சொல்லி ஃபீஸ் வாங்கினேன். முழுசா கத்துத் தரல. அந்தக் காசு எனக்கு ஹலால் ஆகணும்னா உங்களுக்கு ரிவர்ஸ் வரணும். நாளைக்கு நான் செத்துப்போனா அல்லாஹ் என்கிட்ட மத்ததெல்லாம் அப்புறம் கேப்பான். 'ஜெயா மேடத்துக்கு ஏன் ரிவர்ஸ் சொல்லித் தரல'ன்னுதான் மொதல்ல கேப்பான். நான் இன்னா பதில் சொல்றது?"

ஆண்டவன் என் ரிவர்ஸைப் பற்றி விசாரிப்பான் என்பது எனக்குப் புதிய செய்தி. கோபமாக இருக்க எவ்வளவோ முயன்றேன். முடியவில்லை. சேவியர் சொன்னதைச் சொல்லிவிட்டேன். பாஜி கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை.

"தெரியுமே! என்கிட்ட வர்ற பாதிப் பேரை அவங்க வீட்டுக்காரங்கதான் அனுப்பறாங்க, பாஸாகக் கூடாதுன்னு. அவங்க அவங்க நிய்யத்தோட அனுப்பறாங்க. நான் என் நிய்யத்தோட சொல்லித் தர்றேன். யாரோட நிய்யத்து ஜெயிக்குதுன்னு பாத்துடலாம், வாங்க!"

நிய்யத் என்றால் மனதில் வைக்கும் எண்ணம். என்னுடைய எண்ணம் அன்று காலை மிக உறுதியாக இருந்தது. கலைந்த தலையோடு ஏறி உட்கார்ந்தேன்.

அதற்குப் பின்னால் நான் பெங்களூரை முதுகுப்பக்கமாகவே பார்த்தேன். சந்துகளுக்குள் ரிவர்ஸ், மேட்டில் ரிவர்ஸ், சர்ச் காம்பவுண்டுக்குள் பாதிரியார் ஜன்னலிலிருந்து ஆசீர்வதிக்க ரிவர்ஸ். லிஃப்ட் கேட்டு ஏறியவர்கள்கூடப் பின்பக்கமாகவே பயணம் செய்தார்கள். ஒரு பெரியவர், "ஏம்மா, வண்டிக்கு மின்னாடி போற கியரு போயிடுச்சா?" என்று கேட்டார். பாஜி சிரித்துச் சிரித்துப் புரையேறி, பிரேக்கை மிதிக்க மறந்துவிட்டார். நானே மிதித்தேன். வண்டி நின்றது.

மறுபடி டெஸ்ட். அதே மைதானம், அதே இன்ஸ்பெக்டர். பாஜியைக் கண்டதும் அவர் முகத்தில் ஒரு புன்னகை வந்தது.

"ஏனம்மா, இவத்து இன்னா சொல்றீங்க? பாஸா, ஃபெயிலா?"

"இன்னிக்கு நான் வாயே தொறக்க மாட்டேன் சார். நீங்களே பாத்துக்குங்க." அப்படிச் சொன்னவர் வண்டியைவிட்டு இறங்கித் தள்ளிப்போய் நின்று, இரண்டு கையையும் ஏந்திக்கொண்டார்.

ரிவர்ஸ் போட்டேன். வண்டி மெதுவாகப் பின்னால் நகர்ந்து முதல் கம்பத்தைத் தாண்டியது. கண்ணாடியில் பார்த்தேன். பாஜி நின்ற இடத்தில் இல்லை. புர்காவை இரண்டு கையாலும் முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, வண்டியோடு சேர்ந்து, பக்கவாட்டில் ஓடிவந்துகொண்டிருந்தார். வாயைத் திறக்க மாட்டேன் என்று சொல்லியிருந்ததால் உதட்டை இறுக மூடியிருந்தார். கையால் சைகை காட்டலாம் என்றால், கையை விட்டால் புர்கா தடுக்கும். அதனால் தலையாலேயே ரைட்டு, லெஃப்ட்டு என்று ஆட்டிக்கொண்டு ஓடினார். மைதானத்தில் காத்திருந்த புரோக்கர்கள், மற்ற ஸ்கூல்காரர்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக் கைதட்டினார்கள். இரண்டாவது கம்பம். மூன்றாவது. வளைவு. ஒன்றுகூட விழவில்லை.

இன்ஸ்பெக்டர் சிரிப்பை அடக்க முடியாமல் டேஷ்போர்டில் தட்டினார். "சாக்கு, சாக்கு! நில்ஸி! போதும், நிறுத்துங்க, அந்தம்மா விழுந்துடப் போறாங்க!"

நிறுத்தினேன். அவர் இறங்கி, பேப்பரை வண்டியின் பானெட் மேல் வைத்துக் கையெழுத்துப் போட ஆரம்பித்தார். பாஜி முழங்காலில் கையூன்றி மூச்சு வாங்கிக்கொண்டே என்னிடம் வந்தார்.

"ஒரு கம்பம்கூட... அல்ஹம்துலில்லாஹ்... பின்னாடி ரோட்டைப் பாத்துதானே எடுத்தீங்க மேடம்?"

"எங்க பாஜி? உங்களைப் பாத்துக்கிட்டேதான் எடுத்தேன்."

அவர் முகம் மாறியது. "என்னை எதுக்குப் பாத்தீங்க? ரோட்டைத்தானே பாக்கணும்? சார்!" என்று திரும்பினார். "ஒரு நிமிஷம் சார்! இவங்க ரோட்டைப் பாக்..."

நான் ஜன்னல் வழியாக எட்டி அவர் வாயைப் பொத்தினேன். அவர் என் கையை விலக்கப் பார்த்தார், நான் விடவில்லை, என் உள்ளங்கைக்குள் அவர் சிரிப்பது சூடாகத் தெரிந்தது. இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்ட பேப்பரை வைப்பருக்கு அடியில் செருகிவிட்டு, காதில் எதுவும் விழாதவர்போல அடுத்த வண்டியை நோக்கி வேகமாக நடந்துகொண்டிருந்தார்.